குறை களையும் முறை

அரசாங்கத்தின் பணிகளைப் பற்றிக் குறை கூறாதார் நம்மில் அரியர். நியாயவிலைக் கடையில் எடை குறைந்தது என்பார் ஒருவர். ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை நகரத்திற்குப் போய்வந்தேன் என்பார் மற்றொருவர். மருந்து இருப்பில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். இப்பேச்சுகளின் முடிவில் இரண்டு தீர்ப்புகளுள் ஒன்று வெளிவருவது வழக்கம். "அரசாங்கக் காரியம் என்றால் அப்படித்தான்" என்பது ஒன்று. "அங்கே இருப்பவரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு நம்மைச் செயலற்றவர்களாக ஆக்குகிறது. இரண்டாவது தீர்ப்பு நம்மை ஏமாற்றுகிறது. ஆள் மாறிய பின்னும் குறை மாறாமல் நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம் அல்லவா?

இவ்விரண்டுக்கும் வேறாக மூன்றாவது வழி ஒன்று உண்டு. வேலை நடக்கும் பாதையை அடிமுதல் நுனிவரை நடந்து பார்த்து, குறை எவ்விடத்தில் புகுகிறது என்று கண்டு, அவ்விடத்தைச் செப்பனிடுவது அவ்வழி. தொழிற்சாலைகளில் பிறந்த இம்முறையைத் தர மேம்பாட்டு முறை என்று கூறுவர். அது அரசாங்கப் பணிகளுக்கும் பொருந்துமா, பொருந்தினால் அதனால் விளையும் பயன் என்ன என்பதை இன்று ஆராய்வோம்.

மன்னவனூர் போன்ற மலைக்கிராமங்களில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சி மிகவும் இன்றியமையாதது. கோடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வந்தால் மன்னவனூர். கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய ஊர்களும் இப்பக்கத்தவையே. சமவெளி நகரத்தில் ஒரு மருத்துவமனை மனத்துக்கு ஒவ்வாவிட்டால் அடுத்த தெருவில் வேறொன்று இருக்கும். ஒரு பேருந்து தவறினால் மற்றொன்று வரும். மலையில் அவ்வாறில்லை. பள்ளிக்கும் மருந்துக்கும் அரிசிக்கும் பேருந்துக்கும் அரசாங்கமே முதல் துணை. பல வேளைகளில் அதுவே ஒரே துணை. தேர்ந்தெடுக்க வேறொன்று இல்லாத இடத்தில், இருக்கின்ற ஒன்று செம்மையாக இருந்தே தீரவேண்டும்.

தரம் என்றால் என்ன? பளிங்குத் தரையும் குளிரூட்டிய அறையும் தரம் ஆகா. எந்த நோக்கத்திற்காக ஒரு பணி ஏற்பட்டதோ, அந்நோக்கத்தை அது ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவர்க்கும், தவறாமல் நிறைவேற்றுவதே தரம். காலை 8 மணிக்கு வரவேண்டிய பேருந்து, ஒருநாள் ஏழரைக்கும், ஒருநாள் ஒன்பதுக்கும், ஒருநாள் வராமலும் இருந்தால், அது எவ்வளவு புதிய வண்டியாக இருந்தும் பயனில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு வேண்டியது 8 மணிக்குத் தவறாமல் வரும் பழைய வண்டியே. ஆகவே, ஒரு பணியின் தரத்தை அதன் சிறந்த நாளைக்கொண்டு மதிப்பிடாமல், அதன் மோசமான நாளைக்கொண்டு மதிப்பிடுவதே முறை.

இத்தரத்தை எவ்வாறு உண்டாக்குவது? முடிவில் சோதித்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே நம் மலைப்பூண்டை நினைத்துக்கொள்வோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடைக்குப் பின் உழவர்கள் பூண்டைப் பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். பிரித்தலால் பெரிய பூண்டு ஒரு பக்கமும் சிறிய பூண்டு ஒரு பக்கமும் சேருமேயன்றி, சிறிய பூண்டு ஒன்றுகூடப் பெரியதாகாது. பூண்டு பருக்கவேண்டுமானால் விதையையும் மண்ணையும் நீரையும் பருவத்தையும் கவனித்திருக்க வேண்டும். அரசுப் பணியிலும் ஆண்டின் இறுதியில் வந்து குறை கண்டு எழுதிவிட்டுப் போவது தரம் பிரித்தலை ஒக்கும். அதுவும் வேண்டுவதே, ஆயினும் அதனால் மட்டும் பயிர் வளராது.

இவ்வுண்மையைக் கணக்கியலின் துணைகொண்டு விளக்கியவர் வால்டர் ஷூவார்ட் என்னும் அமெரிக்க அறிஞர். தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிலில் ஏற்படும் குறைகளை ஆராய்ந்த அவர், 1924-ஆம் ஆண்டில் ஒரு வரைபட முறையை வகுத்தார். குறைகள் இருவகைப்படும் என்பது அவர் கண்ட உண்மை. எப்போதோ ஒருமுறை, ஒரு தனிக் காரணத்தால் நேர்வது ஒருவகை. வேலையின் அமைப்பிலேயே உறைந்திருந்து, நாள்தோறும் நேர்ந்துகொண்டே இருப்பது மற்றொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். சொல்வதெழுதுதலை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சொல்லை ஒரே ஒரு மாணவன் தவறாக எழுதினால், காரணத்தை அவனிடமே தேடவேண்டும். அவன் முதல்நாள் பள்ளிக்கு வராதிருந்திருக்கலாம். கரும்பலகை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதிருக்கலாம். ஆனால் 'முயற்சி' என்னும் சொல்லை 30 பேர் 'முயற்ச்சி' என்று எழுதினால், அம்முப்பது பேரையும் பெஞ்சின்மேல் நிறுத்துவதால் என்ன பயன்? வல்லின றகர மெய்யின் பின் மற்றொரு வல்லின மெய் வாராது என்னும் விதி அவர்கள் மனத்தில் பதியவில்லை என்பதே பொருள். திருந்தவேண்டியது கற்பித்தல். ஒருவன் செய்த தவற்றைப் பொதுத் தவறாகக் கருதி வகுப்பு முழுவதையும் தண்டிப்பதும், பொதுத் தவற்றை ஒருவன் தலைமேல் ஏற்றுவதும் ஒருபோலப் பிழையே. அலுவலகங்களில் நாள்தோறும் நிகழும் குறைகளுள் மிகப் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நாமோ அவற்றுக்கு முதல்வகை மருந்தையே கொடுத்துவருகிறோம்.

ஷூவார்ட் நம் நாட்டிற்கும் வந்திருக்கிறார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகாலனோபிசின் அழைப்பின்பேரில், 1947-48-ஆம் ஆண்டுகளில் இங்குத் தங்கி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு இம்முறையைக் கற்பித்தார். போரினால் நலிந்திருந்த ஜப்பான் பின்னர்த் தொழில்துறையில் உயர்ந்ததற்கு இம்முறையும் ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்தது.

இம்முறையை நான்கு படிகளாகச் சுருக்கிச் சொல்லலாம். குறையை அளந்து, காரணத்தை ஊகித்து, ஒரு மாற்றத்தைத் திட்டமிடுவது முதற்படி. அம்மாற்றத்தைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது இரண்டாம் படி. விளைவை மீண்டும் அளந்து ஆராய்வது மூன்றாம் படி. பயன் தந்ததை நிலையாக்கி, தராததை விட்டு, மீண்டும் முதற்படிக்கு வருவது நான்காம் படி. பாடத்திட்டம் எழுதி, பாடம் நடத்தி, தேர்வு வைத்து, தேர்வின் விளைவைக் கண்டு அடுத்த பாடத்தைத் திருத்தியமைக்கும் நல்லாசிரியர் செய்வதும் இதுவே. அளவிடாமல் மாற்றுவதும், மாற்றிய பின் அளவிடாமல் விடுவதுமே நம்மிடம் மலிந்துள்ள குறைகள்.

"திருகாணி செய்யும் தொழிற்சாலைக்கு ஏற்ற முறை மனிதர்க்குச் செய்யும் பணிக்கு எவ்வாறு பொருந்தும்?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. தொழிற்சாலை தனக்கு வேண்டிய இரும்பைத் தேர்ந்து வாங்கலாம். அரசு மருத்துவமனை நோயாளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் வந்தாலும் ஏற்கவேண்டும். தொழிற்சாலைக்கு இலாபம் என்னும் அளவுகோல் உண்டு. அரசுப் பணிக்கு அது இல்லை. இத்தடைகள் இருந்தும் இம்முறை பயன் தந்திருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று மருந்தைப் பற்றியது. மற்றொன்று தாய்மாரின் உயிரைப் பற்றியது.

முதலில் மருந்து. ஒருகாலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பல துறைகளும் பல இடங்களும் தனித்தனியே வாங்கிவந்தன. ஓரிடத்தில் மருந்து குவிந்து காலாவதியாகும். மற்றோரிடத்தில் அதே மருந்து இல்லாமல் நோயாளி திரும்புவார். விலையும் ஒருபடியாக இராது. தரமும் ஒருபடியாக இராது. இந்நிலையை மாற்றுவதற்காக 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அது 1995 சனவரி முதல் செயற்படத் தொடங்கியது.

கழகம் செய்தவை யாவை? முதலாவதாக, எண்ணிறந்த மருந்துகளுள் இன்றியமையாதவை எவை என்று ஆராய்ந்து ஒரு பட்டியலில் அடக்கியது. வணிகப் பெயர்களால் வாங்காமல், மருந்தின் மூலப் பெயரால் வாங்கியது. எல்லா மருத்துவமனைகளின் தேவையையும் ஒன்றாகத் திரட்டி, வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி கோரியது. இவ்வாறு ஒரே இடத்தில் பேரளவில் வாங்கியதால் விலை வெகுவாகக் குறைந்தது. இரண்டாவதாக, மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு அமைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, அதற்குரிய ஒதுக்கீட்டைப் பதிவு செய்தது. வங்கியில் பணம் எடுப்பதுபோல, மருத்துவமனை தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய போது அக்கணக்கிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். எந்தக் கிடங்கில் எம்மருந்து எவ்வளவு உள்ளது என்பதைக் கணிப்பொறியின் வாயிலாகத் தலைமையிடத்திலிருந்தே அறிய முடிந்தது. ஓரிடத்தில் குறையும்போது மிகுதியுள்ள மற்றோரிடத்திலிருந்து அனுப்பவும் இயன்றது.

மூன்றாவது செயலே நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அடுப்பில், ஒரே நீரில், ஒரே நேரத்தில் வெந்த சோறாகையால் ஒரு பருக்கை மற்றவற்றுக்குச் சான்றாகிறது. பானை மாறினால் பதமும் மாறும். மருந்திலும் ஒருமுறை செய்த தொகுதியே ஒரு பானை. ஆதலின் கிடங்கிற்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்தனர். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவன் பெயரை மறைப்பதுபோல, மருந்து செய்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணிட்டு, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். ஆய்வில் தேறிய பின்னரே மருந்து நோயாளியைச் சென்றடையும். தேறாத மருந்தைத் தந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். குற்றம் தொடர்ந்தால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். கேரளம் 2007-இலும் இராஜஸ்தான் 2011-இலும் இத்தகைய கழகங்களைத் தோற்றுவித்தன.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மருந்து இல்லை என்று சொன்ன மருந்தாளுநரைக் கடிந்துகொள்வதால் இம்மாற்றம் விளையவில்லை. மருந்து வரும் பாதை முழுவதையும் ஆராய்ந்து, அதை மாற்றியமைத்ததால் விளைந்தது.

இனி இரண்டாவது சான்றுக்கு வருவோம். அது இன்னும் ஆழமானது, துயரத்திலிருந்து பிறந்தது.

மகப்பேற்றின்போதும் அதனையொட்டியும் தாய் இறப்பது ஒரு குடும்பத்திற்கு நேரக்கூடிய இடர்களுள் தலையானது. பண்டுதொட்டு நம் மக்கள் அதை விதியின் மேல் ஏற்றி ஆறுதல் தேடினர். மருத்துவம் அவ்வாறு கருதுவதில்லை. இவ்விறப்புகளுள் மிகப் பல தடுக்கக்கூடியவை. நோய்க்கு மருந்து தேடுமுன் அதன் காரணத்தைத் தேடுக என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்குக் காட்டிய நெறி. அந்நெறியே இங்கும் கையாளப்பட்டது. இங்கிலாந்தும் வேல்சும் 1952-ஆம் ஆண்டிலேயே தாய்மார் இறப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் வெளியிடாமல் ஆராயும் முறையைத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டில் 1990-களின் நடுப்பகுதியில் இத்தகைய ஆய்வு தொடங்கிற்று. 2004-ஆம் ஆண்டில் அரசாணையின் வழி, தாய் இறப்பு ஒவ்வொன்றையும் அறிவித்து ஆராய்வது கட்டாயமாக்கப்பட்டது.

அவ்வாய்வு நடைபெறும் விதத்தைச் சிறிது விரிவாகக் காண்போம். கருவுற்ற காலத்திலோ, மகப்பேற்றின்போதோ, பேறு முடிந்து 42 நாள்களுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால், அச்செய்தி ஒரு நாளுக்குள் மேலிடத்திற்குத் தெரிவிக்கப்பட வேண்டும். சுகாதாரத் துறையினர் அத்தாயின் வீட்டிற்கே சென்று உறவினரிடம் விவரம் கேட்டறிகின்றனர். வலி எப்போது தொடங்கியது, யாரிடம் முதலில் சொன்னார்கள், வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனைக்கு முதலில் போனார்கள், அங்கிருந்து ஏன் வேறிடத்திற்கு அனுப்பினார்கள் என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்படுகின்றன. சிகிச்சையளித்த மருத்துவமனையிலும் தனியே ஆய்வு நடக்கிறது. பின்னர் மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னிலையில் கூட்டம் நடைபெறுகிறது. அதற்கு இறந்தவரின் உறவினரும் அழைக்கப்படுகின்றனர். துயருற்ற ஒரு குடும்பத்தின் சொல், மாவட்டத்தின் தலைமை அலுவலர் முன் சான்றாக வைக்கப்படுவது சிறிய செய்தி அன்று.

இவ்வாராய்ச்சியில் மூன்று தாமதங்கள் என்னும் பாகுபாடு பெரிதும் பயன்படுகிறது. மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று முடிவு செய்வதில் ஏற்படும் தாமதம் முதலாவது. முடிவு செய்தபின் மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. சென்றடைந்த பின்னும் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது.

ஒரு மலைக்கிராமத்துத் தாயை எண்ணிப் பாருங்கள். இரவு நேரம், மழை. பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு நிற்கவில்லை. பெருகும் உதிரப்போக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும் என்பர் மருத்துவர். "விடியட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது முதல் தாமதம். வண்டி கிடைக்காமலோ, கிடைத்த வண்டி மலைப்பாதையின் வளைவுகளில் மெல்ல ஊர்வதாலோ போகும் பொழுது இரண்டாம் தாமதம். மருத்துவமனையில் மருத்துவர் இருந்து இரத்தம் இல்லாவிட்டாலும், இரத்தம் இருந்து மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாவிட்டாலும் அது மூன்றாம் தாமதம். இத்தாய் இறந்துவிட்டால், கடைசியாக அவரைத் தொட்ட செவிலியரின் மேல் பழி விழுவது உலக வழக்கம். உண்மையிலோ, அச்செவிலியரிடம் வந்து சேருமுன்பே காலம் பெரும்பாலும் கழிந்திருக்கும்.

இதனாலேயே இவ்வாய்வின் அடிப்படை விதி, "யார் செய்தார்?" என்று கேட்பதற்கு முன் "ஏன் நேர்ந்தது?" என்று கேட்கவேண்டும் என்பதாகும். தண்டனைக்கு அஞ்சுவோர் உண்மையை மறைப்பர். மறைத்த இறப்பிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது. அப்படியானால் தவறு செய்தவர்க்குத் தண்டனையே இல்லையா என்று கேட்கலாம். கையூட்டு வாங்கியவர்க்கும், வேண்டுமென்றே கடமையைக் கைவிட்டவர்க்கும் சட்டம் இருக்கிறது. அது தன் கடமையைச் செய்யட்டும். கற்றுக்கொள்ளும் கூட்டமும் தண்டிக்கும் மன்றமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பதே இங்குக் கூறுவது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

இத்தகைய ஆய்வுகள் காட்டிய குறைகளை நீக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறப்புக்குப் பகல் இரவு இல்லை. ஆதலால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி, 24 மணி நேரமும் பேறு பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அறுவையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கத்தக்க பேறுகால அவசர சிகிச்சை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைந்தன. 2008-ஆம் ஆண்டில் 108 அவசர ஊர்தி வந்தது. ஏழைத் தாய்மாருக்கு உணவுக்கும் ஓய்வுக்கும் உதவும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்திருக்கவேண்டும். குளிர்பெட்டி ஓடாத நிலையத்தில் அம்மருந்து இருந்தும் இல்லாததற்கு நிகர். ஒரு சிறிய பெட்டியின் பழுதும் ஓர் உயிரின் முடிவும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதை இதனால் அறியலாம்.

விளைவு என்ன? இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2001-03-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அந்த எண் 54 ஆயிற்று. நாடு முழுவதற்கும் அக்காலங்களில் முறையே 301, 97 என்ற எண்கள் காணப்படுகின்றன. இவ்வீழ்ச்சி முழுவதையும் இறப்பு ஆய்வின் கணக்கிலேயே எழுதிவிடுதல் நேர்மை ஆகாது. பெண்கல்வி, சாலை வசதி, குறைந்துவரும் பிள்ளைப்பேறு, வீட்டுப்பேறு மறைந்து மருத்துவமனைப் பேறு பெருகியது ஆகிய யாவும் காரணங்களே. எனினும், எந்த இடத்தில் எதைச் செய்யவேண்டும் என்று அறிவதற்கு அவ்வாய்வு ஒரு விளக்காக நின்றது என்பதில் ஐயமில்லை. அதே 2018-20-இல் அண்டையிலுள்ள கேரளத்தின் எண் 19. ஆகவே நாம் கடக்கவேண்டிய தொலைவு இன்னும் உண்டு என்பதையும் மறத்தல் கூடாது.

இம்முறையில் மறைந்திருக்கும் இடர்களையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

அளவிடுவதற்காக ஏற்பட்ட எண்ணே இறுதி நோக்கமாகிவிடுவது முதல் இடர். தேர்ச்சி விழுக்காடு ஒன்றே பள்ளியின் பெருமை என்று வைத்தால், கற்பிக்கக் கடினமான பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே விலக்கும் எண்ணம் சிலர்க்குத் தோன்றும். எண் உயரும், கல்வி தாழும். இறப்பு எண்ணிக்கை குறையவேண்டும் என்று மட்டும் அச்சுறுத்தினால், நிலை மோசமான தாயை வேறு மருத்துவமனைக்கு அனுப்பித் தம் கணக்கைத் தூய்மையாக வைத்துக்கொள்வாரும் தோன்றக்கூடும். எனவே, எண்ணைப் பார்ப்பவர் அதன் பின்னே நிற்கும் மனிதரையும் பார்க்கவேண்டும்.

தரம் என்பது ஒருநாள் திருவிழாவாக மாறிவிடுவது இரண்டாவது இடர். பள்ளியில் ஆண்டாய்வு நடைபெறும் நாள் ஆசிரியர்கள் யாவர்க்கும் தெரியும். சுவரில் சுண்ணாம்பு மணக்கும். பதிவேடுகள் அட்டை போட்டு அடுக்கியிருக்கும். பிள்ளைகள் சீருடையில் அசையாது அமர்ந்திருப்பர். ஆய்வாளர் சென்ற மறுநாள் பழைய நிலை திரும்பும். அரசு மருத்துவமனைகளுக்கென 2013-இல் தேசியத் தர உறுதி நெறிகள் வகுக்கப்பட்டன. தூய்மைக்காகக் காயகல்ப் என்னும் பரிசுத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. இவை நல்ல ஏற்பாடுகள். சான்றிதழ் சுவரில் தொங்கும் நாளிலும், ஆய்வாளர் வாராத இரவிலும் நோயாளிக்குக் கிடைப்பது ஒன்றாக இருந்தால்தான் இவற்றின் பயன் முழுமையடையும்.

மேலிடம் சொல்ல, கீழிடம் கேட்பதோடு நின்றுவிடுவது மூன்றாவது இடர். வேலையின் குறையை அதை நாள்தோறும் செய்பவரே நன்கறிவார். நியாயவிலைக் கடையின் எடையாளரும், கிராம சுகாதாரச் செவிலியரும், பேருந்தின் நடத்துநரும் அறிந்ததை மேசையின் பின்னிருப்பவர் அறிதல் அரிது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 1962 முதல் தொழிலாளரே சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையின் குறைகளை ஆராய்ந்து களையும் வழக்கம் பரவியது. அவர்களுக்கு அந்த மதிப்பைக் கொடுத்ததே அவ்வெற்றியின் காரணம்.

இனி, பெரிய அலுவலகங்களை விட்டு நம் ஊர் அளவில் இம்முறையைக் கையாளுதல் கூடுமா என்று பார்ப்போம். கூடும் என்பதற்கு என் பணிக்காலத்தில் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பிள்ளைகளின் சான்றிதழ்களுக்காகப் பெற்றோர் கொடுத்த விண்ணப்பங்கள் ஓர் அலுவலகத்திலிருந்து மீண்டும் மீண்டும் திரும்பி வந்தன. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் பெற்றோர்க்கு இழப்பு. அலுவலகத்தை எல்லோரும் ஏசினர். திரும்பிய விண்ணப்பங்களைப் பள்ளியில் சேர்த்துவைத்து, திரும்பியதற்கான காரணத்தின்படி அடுக்கிப் பார்த்தோம். காரணங்கள் பல இருக்கும் என்று எண்ணியிருந்தோம். பெரும்பாலானவை ஒரே காரணத்தால் திரும்பியிருந்தன. தந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஒருவிதமாகவும் மற்ற ஆவணத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. அதன்பின், விண்ணப்பத்தை அனுப்புமுன் இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதை வழக்கமாக்கினோம். நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். திரும்பி வருபவை மிகவும் குறைந்துவிட்டன. புதிய பணியாளர் எவரும் வேண்டியிருக்கவில்லை, பணம் செலவாகவில்லை. அடுக்கிப் பார்த்தது ஒன்றே செய்தது.

இதில் ஒரு பொதுவிதி அடங்கியுள்ளது. குறைகளின் பெரும்பகுதி ஒருசில காரணங்களிலிருந்தே பிறக்கிறது. அவ்வொருசிலவற்றைக் கண்டுபிடித்து முதலில் களைந்தால், சிறிய முயற்சிக்குப் பெரிய பயன் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துவேன் என்று புறப்படுபவர் எதையும் திருத்தாமல் களைத்துப்போவார்.

இதற்குக் களமாக நமக்குக் கிராம சபை இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், அரசு அலுவலகங்களின் பதிவேடுகளிலிருந்து விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் குடிமக்களுக்கு உண்டு. கூட்டத்திற்குச் செல்லும்போது கோபத்தோடு மட்டும் செல்லாமல் ஒரு சிறு குறிப்பேட்டோடும் செல்வோம். "பேருந்து சரியாக வருவதில்லை" என்று முறையிடுவதைக் காட்டிலும், ஒரு மாதம் நாள்தோறும் அது வந்த நேரத்தை எழுதிவைத்து, எந்தக் கிழமையில் மிகவும் தாமதமாகிறது என்று காட்டுவது வலிமையுடையது. "நியாயவிலைக் கடையில் பொருள் இல்லை" என்பதைக் காட்டிலும், எப்பொருள் எந்நாளில் தீர்ந்தது, எந்நாளில் வந்தது என்று எழுதிக்காட்டுவது அலுவலர்க்கும் உதவும். எழுத்தறிந்த ஓர் இளைஞரும் ஒரு பென்சிலும் போதும்.

குறிப்பாக, கருவுற்ற தாய்மார் உள்ள வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மூன்று தாமதங்களுள் முதலாவது அரசாங்கத்தின் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. பேறு எதிர்பார்க்கும் நாள் எது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது, இரவில் வலி கண்டால் யாரை அழைப்பது, தொலைபேசி எட்டாத இடமாயின் அருகில் எட்டும் இடம் எது, துணைக்கு யார் வருவார் என்பவற்றைக் குடும்பத்தார் முன்கூட்டியே முடிவு செய்திருக்கவேண்டும். நாள் நெருங்கிய தாயை, மழைக்காலமாயின், மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கவைப்பது நலம். செவிலியரைக் கலந்து இதைச் செய்தால் இரண்டாம் தாமதமும் பாதி குறையும்.

அரசாங்கம் என்பது தலைநகரிலுள்ள ஒரு கட்டடம் அன்று. மருந்துக் கிடங்கில் மாதிரி எடுப்பவரும், நள்ளிரவில் பேறு பார்க்கும் செவிலியரும், வளைவில் விளக்கைத் தாழ்த்தி வண்டியைச் செலுத்தும் ஓட்டுநரும், கிராம சபையில் எழுந்து நின்று கேட்கும் குடிமகனும் சேர்ந்ததே அரசாங்கம். இவர்களுள் ஒவ்வொருவரும் தம் கண்முன் நேரும் குறையைக் கண்டவுடன், "ஏன் நேர்ந்தது? அடுத்த முறை நேராமலிருக்க எதை மாற்றலாம்?" என்று கேட்கப் பழகவேண்டும். கணக்கேட்டில் 134 என்பது 54 ஆகக் குறைந்ததென்றால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் எண்ணும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒரு தாய். எஞ்சியுள்ள 54-ம் தாய்மாரே. அவர்களுக்காக இக்கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.